நைட் ஷிப்ட் முடிச்சும் தூக்கம் வரலையா? அரியலூர், பெரம்பலூரில் தடம் மாறும் ‘உடல் கடிகாரம்’... காரணம் என்ன, தீர்வு என்ன?

அரியலூர் மாவட்டத்தில் காலை ஆறு மணி என்பது ஒருவருக்கு விடியல், இன்னொருவருக்குப் படுக்கப் போகும் நேரம். சிமெண்ட் ஆலைகளில் ‘ஏ’ ஷிப்ட்காரர்கள் டிபன் பாக்ஸோடு உள்ளே போக, முந்தின இரவு பத்து மணிக்கு ‘சி’ ஷிப்ட் ஏறியவர்கள் கண் எரிச்சலோடு வெளியே வருவார்கள். ராத்திரி முழுக்க உழைத்த உடம்பு அடித்துப் போட்ட மாதிரி தூங்க வேண்டும். ஆனால் நடப்பது வேறு. ஏழரைக்குப் படுத்தால் பதினோரு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. “உடம்பு கெஞ்சுது, ஆனா தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது” என்பது ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு.

இது சோம்பலும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. வேலை நேரம் ஒரு பக்கம் இழுக்க, உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இன்னொரு பக்கம் இழுப்பதால் வரும் சிக்கல். மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. அது என்ன, அரியலூரிலும் பெரம்பலூரிலும் யாரையெல்லாம் பாதிக்கிறது, என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

ஏன் இந்த இரண்டு மாவட்டங்கள்?

அரியலூர் என்றாலே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பித்தான் 1979ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. இன்று ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று மாவட்டம் முழுக்கப் பெரிய ஆலைகள். சிமெண்ட் சூளையை ராத்திரி அணைத்துவிட்டு காலையில் பற்ற வைக்க முடியாது. உள்ளே சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம். ஒருமுறை ஆறவிட்டால் மறுபடி சூடேற்றவே நாள் கணக்காகும். அதனால் சூளை 24 மணி நேரமும் சுற்றும். அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் 24 மணி நேரமும் வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன.

பெரம்பலூர் பக்கம் வந்தால் நாரணமங்கலம் டயர் தொழிற்சாலை, அரவை சீசனில் இரவும் பகலும் ஓடும் எறையூர் சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருக்கும் டிராக்டர்கள். இது போதாதென்று மாவட்டத்தின் நடுவே திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை. அதில் இரவு என்பதே கிடையாது.

மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் தண்ணீர் பாய்ச்ச ஒரு மணிக்கு எழுந்து போகும் விவசாயியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அவருக்கு ஷிப்ட் அலவன்ஸ் தர ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூளைக்குள் ஒரு கடிகாரம்

நெடுஞ்சாலை ஓரங்களிலும் பழைய அரசு அலுவலக வளாகங்களிலும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆனால் இலைகளை மடித்துக்கொள்ளும், காலையில் விரிக்கும். வெயில் போனதால் மட்டும் அது மூடவில்லை. மரத்துக்குள்ளேயே ஒரு நேரக் கணக்கு ஓடுகிறது. இதைத் தொட்டாற்சிணுங்கிச் செடியில் முதலில் சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான். 1729ல் அவர் அந்தச் செடியை முழு இருட்டில் வைத்தார். வெளிச்சமே இல்லாதபோதும் பகல் நேரத்தில் இலை விரிந்தது, இரவில் மூடியது.

மனிதனிடமும் இதே விஷயம்தான். இரண்டு கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் மூளைக்குள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, அரிசி மணி அளவுக்கு ஒரு பகுதி இருக்கிறது. சூப்ராகயாஸ்மேட்டிக் நியூக்ளியஸ் என்று வாயில் நுழையாத பெயர். சுமார் 20 ஆயிரம் நரம்பு செல்கள் சேர்ந்த அந்தப் புள்ளிதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். எப்போது உடல் சூடு ஏற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது ‘மெலடோனின்’ சுரந்து தூக்கத்துக்குத் தயாராக வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது அதுதான். கல்லீரல், கணையம், இதயம் எல்லாவற்றுக்கும் சொந்தமாகக் குட்டிக் கடிகாரங்கள் உண்டு. அவை தலைமைக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரி செய்துகொள்கின்றன.

செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மரபணு, ஒரு புரதத்தை உருவாக்குகிறது. புரதம் நிறைய சேர்ந்ததும் அதே மரபணுவின் வாயை அடைக்கிறது. புரதம் கரைந்ததும் மறுபடி உற்பத்தி தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள்.

‘கிட்டத்தட்ட’ என்ற வார்த்தை முக்கியம். மனித உடல் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1999ல் வெளியிட்ட கணக்குப்படி சராசரியாக 24 மணி 11 நிமிடம். அதாவது நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது கொஞ்சம் மெதுவாக ஓடும் கடிகாரம். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதைத் திருத்தி வைக்கிறது. அந்தத் திருத்தம் கிடைக்காவிட்டால் கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் நகரும்.

மதுரை வௌவால்கள் சொன்ன பாடம்

இந்த அறிவியலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே அதிகம் பேசப்படாத கதை அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் தலைமையிலான குழு, மதுரை அருகே ஒரு குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தது. இந்தியாவில் காலவுயிரியல் என்ற துறையை வளர்த்தவர்களில் முன்னோடி அவர்.

குகைக்குள் கும்மிருட்டு. வெளியே பொழுது சாய்ந்ததா என்று உள்ளே தொங்கும் வௌவாலுக்கு எப்படித் தெரியும்? ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் போக வர இருந்தவரை, கூண்டு வௌவாலும் அதே நேரத்துக்குச் சிறகடித்தது. கூட்டமே இல்லாத வேறொரு குகையில் தனியாக வைத்தபோது, அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கூட்டத்தின் நடமாட்டமே அதற்குக் கடிகாரம் என்று 1981ல் அந்தக் குழு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனியறை அமைத்தார்கள். சூரிய வெளிச்சம் கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது, ரேடியோ கிடையாது. தானாக முன்வந்து உள்ளே தங்கியவர்கள் தூக்கம் வந்தால் தூங்கலாம், பசித்தால் சாப்பிடலாம். அங்கே சிலருடைய ‘ஒரு நாள்’ 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போனது.

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் முதல் திருத்தி. ஆனாலும் வௌவால் கதையை ஷிப்ட் தொழிலாளியின் வீட்டில் பொருத்திப் பார்த்தால் புரியும். அவர் படுக்கும்போது ஊரே விழித்திருக்கிறது. மிக்ஸி ஓடுகிறது, பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிறது, காய்கறி வண்டி மைக் போடுகிறது. கூட்டம் ஒரு நேரத்திலும் அவர் ஒரு நேரத்திலும் இருக்கிறார்.

களைப்பு இருந்தும் தூக்கம் கலைவது ஏன்?

தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறும் தூக்க அழுத்தம். கடன் மாதிரி இது சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று உடல் கடிகாரம். ராத்திரி பத்து மணிக்குப் படுப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஏழரைக்குப் படுப்பவருக்கு அழுத்தம் ‘தூங்கு’ என்கிறது, கடிகாரமோ ‘விடிஞ்சிருச்சு, எழுந்திரு’ என்கிறது. முதல் மூன்று மணி நேரம் அழுத்தம் ஜெயிக்கும். கடன் பாதி அடைந்ததும் கடிகாரம் ஜெயித்துவிடும். பதினோரு மணி விழிப்புக்குக் காரணம் இதுதான்.

அந்த நேரத்தில் உடல் சூடும் ஏறிக்கொண்டிருக்கும். நல்ல தூக்கத்துக்கு உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்குப் படுத்திருப்பவரின் உடம்பு எப்படி இறங்கும்? வெளிநாட்டு ஆய்வுகளில் இந்தக் கத்திரி வெயில் கணக்கு வராது. நம் ஊருக்கு அதுதான் பெரிய தலைவலி.

வீட்டுக்கு வரும் வழியிலேயே இன்னொரு வேலை நடந்துவிடுகிறது. அரியலூரில் மே மாதக் கடைசியில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடும். கேட்டைத் தாண்டும்போதே வெயில் முகத்தில் அடிக்கும். ஜனவரிக் கடைசியில் உதயம் 6.35ஐத் தாண்டும், பைக்கில் பாதி வழி வரும்போது எதிரே எழும். எந்த மாதமானாலும் படுக்கைக்குப் போகும் முன் ஒரு டோஸ் சூரிய ஒளி கண்ணுக்குள் போய்விடுகிறது. விழித்திரையில் நீல ஒளியை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் சில செல்கள், அந்தச் செய்தியை நேராகத் தலைமைக் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. ‘பகல் தொடங்கியாச்சு’ என்று முத்திரை குத்தின மாதிரி. அதனால்தான் பத்து வருடம் நைட் ஷிப்ட் பார்த்தாலும் பெரும்பாலானோரின் உடல் கடிகாரம் முழுசாக இரவுக்கு மாறுவதில்லை.

பெரம்பலூரைத் தாண்டும் அந்த மூன்று மணி

உடல் கடிகாரம் மிகக் கீழே இறங்கும் நேரம் ஒன்று உண்டு. இரவில் தூங்கிப் பகலில் வேலை பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது அதிகாலை சுமார் 2 மணியிலிருந்து 5 மணி வரை. உடல் வெப்பம் குறைந்திருக்கும், கவனம் சிதறும், கை கால் மெதுவாக வேலை செய்யும். எவ்வளவு அனுபவசாலி ஓட்டுநர் ஆனாலும் இதற்கு விலக்கு கிடையாது.

இனி நெடுஞ்சாலைக் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து பெரம்பலூர் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பும் பஸ்களும், நள்ளிரவு நெருக்கத்தில் புறப்படும் கார்களும் திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டி பெரம்பலூரைத் தொடும்போது மணி இரண்டு, மூன்று, நான்கு. தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டிகளில் பலவும் அதே நேரத்தில்தான் எதிர்த் திசையில் இங்கே வருகின்றன. மாநிலத்தின் நடுவில் ஊர் அமைந்திருப்பதால் வந்த வினை இது. வண்டிகள் குவியும் நேரமும் மூளை மந்தமாகும் நேரமும் ஒன்றாக விழுகின்றன.

தூக்கக் குறைவு போதையைப் போல வேலை செய்யும் என்பதற்கு அளவுகோலே இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியது. இந்தியச் சட்டப்படி ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஒன்பது மணிக்கு எழுந்து, பகலில் கண் அசராமல், இரவு வண்டி எடுத்தவருக்கு இரண்டு மணிக்குச் சரியாக 17 மணி நேரம் முடிகிறது. ஊதிக் காட்டச் சொன்னால் மெஷினில் ஒன்றும் வராது, அவ்வளவுதான்.

‘மைக்ரோ ஸ்லீப்’ என்று ஒன்று உண்டு. கண் திறந்தபடியே சில நொடிகள் மூளை தூங்கிப்போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடியது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் போலீசார் அதிகாலையில் வண்டிகளை நிறுத்தி ஓட்டுநர்களை முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்புவது இதனால்தான். நல்ல முயற்சி. ஆனால் முகம் கழுவிய புத்துணர்ச்சி சில நிமிடங்கள்தான் நிற்கும். டீயைக் குடித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி 20 நிமிடம் தூங்குவதுதான் பலன் தரும். டீயில் உள்ள காஃபின் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

ஆலைத் தொழிலாளிக்கும் இதில் எச்சரிக்கை இருக்கிறது. ஷிப்ட்டில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்கிற ஜாக்கிரதை, வேலை முடிந்து பைக்கில் ஏறியதும் தளர்ந்துவிடும். லாரிகள் நிறைந்த சாலையில் அந்த அரை மணி நேரப் பயணம்தான் ஒரு நாளின் ஆபத்தான பகுதி.

இதற்கு நோய் என்று பெயரா?

எல்லா ஷிப்ட் தொழிலாளிக்கும் நோய் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சிலருக்கு உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். வேலை நேரம் தூக்க நேரத்தில் விழுவதால் தூக்கமின்மையோ, வேலையில் தூங்கி விழுவதோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை ‘ஷிப்ட் ஒர்க் ஸ்லீப் டிஸார்டர்’ என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். உடல் கடிகாரக் கோளாறுகள் என்ற பெரிய குடும்பத்தில் இது ஒன்று.

அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் நிறைய வீடுகளில் இருக்கிறார். ராத்திரி ஒன்றரை மணிக்கு முன் தூக்கம் வராது, காலையில் எட்டு மணிக்கு எழுப்பினாலும் எழ மாட்டார். பிளஸ் டூ, கல்லூரி வயதில் இது சகஜம். பருவ வயதில் உடல் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. அதோடு கையில் செல்போன் வெளிச்சம் சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். அளவு மீறினால் ‘தாமதத் தூக்கக் கோளாறு’. 1981ல்தான் மருத்துவ உலகம் இதற்குத் தனி இடம் கொடுத்தது. அதுவரை இவர்களுக்கெல்லாம் ஒரே பட்டம்தான்: சோம்பேறி. அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது நம் வழக்கம். பன்னிரண்டு மணி வரை விழித்திருந்த பிள்ளையை ஐந்துக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம். அந்த வயதுக்குத் தேவை எட்டிலிருந்து பத்து மணி நேரம். படித்தது மனதில் தங்குவதற்கும் அந்தத் தூக்கம்தான் வேண்டும் என்பதை யோசித்தால், இந்தப் பழக்கத்தில் லாபம் எவ்வளவு என்பது கேள்விக்குறிதான்.

தாத்தா பாட்டிக்கு நேர் எதிர். இரவு எட்டு மணிக்கே கண் சொக்கும், மூன்று மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மொத்தத் தூக்கம் சரியாக இருந்தால் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கண் பார்வை முற்றிலும் இல்லாத சிலருக்கு வெளிச்சத் திருத்தம் கிடைக்காததால், தூக்க நேரம் தினமும் சிறிது சிறிதாக நகர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பகலும் இரவும் தலைகீழாகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் தூங்கி விழுகிறவர் எல்லோருக்கும் கடிகாரக் கோளாறு கிடையாது. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி இருந்தால் அது ‘ஸ்லீப் ஆப்னியா’வாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. ஷிப்ட்டைக் குறை சொல்லிக்கொண்டே ஆப்னியாவை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு.

தூக்கத்தோடு நிற்பதில்லை

ராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீனில் சாப்பிடும் பரோட்டாவுக்கு என்ன ஆகிறது? மூளை விழித்திருக்கிறது, ஆனால் கணையத்தின் கடிகாரம் ‘கடை மூடியாச்சு’ என்ற நிலையில் இருக்கிறது. அதே உணவைப் பகலில் சாப்பிட்டால் ஏறுவதை விட ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறும். அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் வைத்து இரவு வேலை போலவே விழித்திருக்கச் செய்தார்கள். ஒரு பிரிவினர் இரவிலும் சாப்பிட்டார்கள், இன்னொரு பிரிவினர் பகலில் மட்டும் சாப்பிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை என்று 2021ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் முடிவு வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவர் உடனே பயன்படுத்தக்கூடிய தகவல்.

நீண்ட காலம் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு நீரிழிவு, இதய நோய் வாய்ப்பு கூடுதலாக இருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007ல் இரவு வேலையை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் சேர்த்தது, 2019ல் அதையே மறுபடி உறுதி செய்தது. நைட் ஷிப்ட் பார்த்தால் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதற்கான வகைப்பாடு இது.

நர்சுகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இரவு டூட்டி முடித்து வந்த ஆண் படுத்துவிடுகிறார். பெண் வந்ததும் சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, துணி துவைப்பது. படுக்கும்போது மணி பத்தரை. அப்போது கடிகாரம் முழு விழிப்பில் இருக்கும். பிள்ளைகள் மூன்றரை, நான்கு மணிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். உடல் கடிகாரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், கிடைக்கும் தூக்கம் ஒன்றில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் ஆலை நிர்வாகம் செய்யக்கூடியது. நம் கடிகாரம் இயல்பிலேயே மெதுவாக ஓடுவதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். எனவே ஷிப்ட் மாற்றும்போது காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போவது உடம்புக்கு நல்லது. இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிப் போனால் திணறும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கனிம ஆலையில் இதைச் செய்து பார்த்தார்கள். வாராவாரம் பின்னோக்கிச் சுற்றிய ஷிப்ட்டை முன்னோக்கி மாற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். தொழிலாளர்களின் உடல்நலமும் முன்னேறியது, உற்பத்தியும் கூடியது. 1982லேயே வெளிவந்த முடிவு இது. இதற்குப் புது மெஷின் வேண்டாம், ஷிப்ட் சார்ட்டைத் திருத்தினால் போதும். ‘சி’ ஷிப்ட் முடித்தவரை எட்டு மணி நேர இடைவெளியில் மறுபடி வேலைக்குக் கூப்பிடாமல் இருந்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

தொழிலாளி தன் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. ஷிப்ட்டுக்குப் போகும் முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தால் அதிகாலை மயக்கம் குறையும். வயிறு நிறையச் சாப்பிடுவதை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, நடுராத்திரியில் பசித்தால் லேசாக எதையாவது எடுத்துக்கொள்வது நல்லது. டீ, காபியை ஷிப்ட்டின் முதல் பாதியோடு நிறுத்த வேண்டும். படுக்க ஆறு மணி நேரம் முன்பு குடித்த காஃபின் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் திருடும் என்று ஆய்வு சொல்கிறது. ஏழரைக்குப் படுப்பவருக்குக் கடைசி டீ ஒன்றரை மணிக்கு. காலை ஐந்து மணி டீ சுவையானதுதான், ஆனால் அதுதான் முதல் எதிரி.

அறையை இருட்டாக்குவது எல்லாவற்றையும் விட முக்கியம். அதற்கு விலை உயர்ந்த திரைச்சீலை தேவையில்லை. ஜன்னலில் கனத்த கருப்புத் துணியோ பழைய போர்வையோ போதும். காதில் பஞ்சு, போன் சைலண்ட், காலிங் பெல் சுவிட்ச் ஆஃப். ‘அப்பா தூங்குறார்’ என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வரவில்லை என்றால் காலையில் நான்கு, சாயங்காலம் இரண்டரை என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கலாம், தவறில்லை.

வழியில் வெயிலைத் தவிர்க்கக் கருப்புக் கண்ணாடி போடச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் நிறைய உண்டு. பஸ்ஸில் வருபவருக்குச் சரி. பைக் ஓட்டுபவருக்கு அது தூக்கத்தை இன்னும் இழுத்துவிடும் என்பதால், வீட்டு வாசல் வரை விழிப்புதான் முக்கியம்.

தூங்குவதற்காகக் குவார்ட்டர் அடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. படுத்ததும் கண் மூடும், உண்மைதான். ஆனால் இரண்டு மணி நேரத்தில் தூக்கம் துண்டு துண்டாகும், ஆப்னியா இருந்தால் மோசமாகும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பதும் அப்படித்தான். மெலடோனின் மாத்திரை சில கடிகாரக் கோளாறுகளுக்கு உதவும், ஆனால் எந்த நேரத்தில் போடுவது என்பதில்தான் அதன் பலனே இருக்கிறது. தப்பான நேரத்தில் போட்டால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

விவசாயிகளுக்கு ஒரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தந்திருக்கிறது. பாம்பு பயம் இல்லாமல் இருப்பதற்கு மட்டும் அது பயன்படுவதில்லை, நடுராத்திரி எழுந்து வயலுக்கு நடக்கும் ஒரு மணி நேரத் தூக்கமும் மிச்சம்.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை, வேலையிலோ வண்டியிலோ ஒரு முறையாவது கண் அசந்துவிட்டது என்றால் தள்ளிப்போட வேண்டாம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. பொது மருத்துவத்தில் தொடங்கலாம். குறட்டை, மூச்சுத் திணறல் இருந்தால் இரவு முழுக்க மூச்சையும் மூளை அலைகளையும் பதிவு செய்யும் ‘ஸ்லீப் ஸ்டடி’க்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கடிகாரக் கோளாறுக்கு அந்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது.

போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது ஒரு நோட்டு. தொடர்ந்து 14 நாள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அன்று என்ன ஷிப்ட், கடைசி டீ எப்போது என்று ஒரு வரி எழுதினால் போதும். கூடவே அந்த மாத ஷிப்ட் சார்ட்டின் போட்டோ. ‘தூக்கம் வரல டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதுவதைத் தவிர மருத்துவருக்கும் வழியிருக்காது. அந்த நோட்டு இருந்தால் கடிகாரம் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் விலகியிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பி.பி., சுகர் பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்துகொள்வது ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அவசியம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமே இதைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் வருவது பெரும்பாலும் பகலில், தொழிலாளி தூங்கும் நேரத்தில் என்பதால், வீட்டில் இருப்பவர்கள் எந்த நேரத்தில் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. தூக்கமின்மையோடு மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ‘சி’ ஷிப்ட் இடைவேளையில் அழைத்தாலும் மறுமுனையில் ஆள் விழித்திருப்பார்.